கூரை திறக்கிற கார்

தென்காசியில் யாராவது கூரை திறக்கிற கார் வாங்குவார்களா என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஆனி பிறந்தால் ஆவணி வரை வானம் சொட்டிக்கொண்டே இருக்கிற ஊர் இது. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாது. கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறீர்கள் என்று எதிர்வீட்டு அம்மா கேட்டபோது, குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் அது நியாயமான கேள்விதான். அதற்கு நான் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து பைக்கில்தான் ஊர் சுற்றினோம். அவர் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, பிறகு ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்தவர். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, ஆய்க்குடி கோயில், குற்றாலச் சீசனுக்கு ஐந்தருவி, எல்லாவற்றுக்கும் அந்த பைக்தான். வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. பைக்கில் ஏறிவிட்டால் மட்டும் அவர் காதருகே வாயை வைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் பேசுவேன். பாதி காற்றில் போகும். காதில் விழுந்த பாதிக்கு அவர் பதில் சொல்வார். எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி இலஞ்சி ரோட்டில்தான் தீர்ந்திருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நோவு வந்தது. லாரி குலுக்கிய குலுக்கலில் எப்போதோ கெட்டுப்போயிருந்த அவருடைய முதுகெலும்பு ஒரு நாள் காலையில் எழுந்திருக்க விடவில்லை. இனி பைக்கைத் தொடக்கூடாது, பஸ்ஸிலும் ஆட்டோவிலும் குலுங்கக்கூடாது, காரில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வருஷம் என் தலைசுற்றலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். என்னைப் படுக்க வைத்துக் குழாய்க்குள் தள்ளினார்கள். அரை மணி நேரம்தான். தலையில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. ஆனால் அன்று திரும்பி வர வாடகைக் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நெஞ்சை யாரோ கையால் அமுக்கினார்கள். வேர்த்து ஊற்றியது. நடு ரோட்டில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். அன்றிலிருந்து மூடிய கார் எதிலும், ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்தாலும், என்னால் இரண்டு நிமிஷம் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் பரவாயில்லை, ஆட்டோ பரவாயில்லை.

ஆக, அவரால் காரில் மட்டும்தான் போக முடியும், என்னால் கார் தவிர எதிலும் போக முடியும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி அமைந்தால் என்ன ஆகும்? விசேஷ வீடுகளுக்கு நான் பஸ்ஸில் போய்வந்தேன். அவர் வீட்டில் இருந்தார். எங்கேயும் போகணும் என்று இல்லை, வீட்டில் இருந்தாலே சுகமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். நான் நம்பினேன். டிவியில் கிரிக்கெட் இருக்கும்போது ஆண்பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சென்னையில் இருக்கும் மகன் மேலே கண்ணாடி திறக்கிற கார் ஒன்றைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்துப் பார்த்தான். அது உச்சியில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கதவு சாத்தினதும் இறங்கிவிட்டேன்.

போன வருஷம் சீசனில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குற்றாலத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் நகரவில்லை. பக்கத்தில் கேரளா நம்பர் போட்ட ஒரு கார், இரண்டே கதவு, மேலே ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவனுக்கும் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் தலையெல்லாம் சாரல். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் சாய்ந்திருந்த சீட்டைப் பார்த்தேன். தோலில் தைத்த அகலமான சீட், இடுப்புக்குத் தாங்கல் வைத்தது. சாய்ந்துகொள்ள முதுகுத் தாங்கல் வைத்த பைக்தான் அது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து காபி கொடுக்கும்போது சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜீப் ஆகாது, அது முதுகுக்கு எமன், நீ சொல்லுத மாதிரி கார் என்றால் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கும் என்று சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. சொகுசு வண்டியில் எனக்கு ஆசை வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்படுவதாகத்தான் அப்போது புரிந்துகொண்டேன்.

புதிது ஆனை விலை குதிரை விலை. பழையது அப்படியில்லை என்று விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது. இந்த மாதிரிக் கார்களை வாங்குகிறவர்கள் அதிகம் ஓட்டுவதில்லை. ஆசைக்கு வாங்கி, நிறுத்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நாலைந்து வருஷத்தில் விலை பாதிக்குக் கீழே இறங்கிவிடும், ஆனால் வண்டி அவ்வளவு இறங்கியிருக்காது. அப்படி ஒன்றை ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கு வாங்கிவிடலாம் என்றார் தென்காசியில் பழைய கார் வாங்கி விற்றுக்கொடுக்கிற தரகர். ஆனால் அவர் கூரை திறக்கிறதை விரும்பவில்லை. கூபே வாங்குங்கள் என்றார். அதே இரண்டு கதவு, அதே சீட், மேலே தகரம். துணிக் கூரை இந்தச் சாரலுக்குத் தாங்காது, குற்றாலத்தில் நிறுத்தினால் குரங்கு கிழித்து உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும் என்றார். குரங்கு விஷயம் உண்மைதான். ஆனால் கூபேயில் எனக்கு என்ன இருக்கிறது? மூடினதுதானே அதுவும்.

ஆடி பிறந்தால் வண்டி வாங்கக்கூடாது. இந்த வருஷம் ஆனி பாதியில் கடையநல்லூரில் ஒரு கார் இருப்பதாகத் தகவல் வந்தது. ஜெர்மன் கார், நாலு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டு. கருப்புத் துணிக் கூரை. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து துணிக்கடை வைத்திருப்பவர் ஆசைப்பட்டுக் கொச்சியிலிருந்து வாங்கி வந்தது. அவர் வீட்டு அம்மா அதில் ஏற மறுத்துவிட்டாளாம். ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து போக முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். என் கணவர் கூடாது என்றுவிட்டார்.

"நீ வந்தா உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்ட்டி. வெல பேசுத எடத்துக்கு ஆசப்பட்டவங்க போகக்கூடாது."

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. மாடு வாங்கினாலும் மனை வாங்கினாலும் வேண்டும் என்கிறவர் வீட்டில் இருப்பார், வேண்டாம் என்று முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் போவார். போய், வாங்க வந்த பொருளை நொட்டை சொல்வார். எவ்வளவுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு நொட்டை. முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து இதைப் பார்த்தவள் நான். மூன்று தலைமுறைச் சண்டை போட்டு வாங்கிய வயலைக் கூட, ஏதோ தலையில் கட்டிவிட்டார்கள் என்ற முகத்தோடுதான் வந்து கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் வீட்டு மனையை நான்தான் அப்படி வாங்கினேன், தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று சொல்லிச் சொல்லி. அதனால் அவர் சொன்னது எனக்குச் சரியாகப்பட்டது. புடவையை மடித்து வைத்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். அதை மறுக்கமாட்டேன். அடியில் படுக்க முடியாத முதுகோடு கண்ணாடியை நீட்டி அடிப்பக்கம் பார்த்தாராம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து ஈரவாடை இருக்கிறதா என்று பார்த்தாராம். கூரைத் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் இலை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டாராம். பட்டனை அழுத்திக் கூரையை இரண்டு தடவை திறந்து மூடினாராம். சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து முதுகு ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டாராம். எல்லாம் பிடித்துப் போனதும் நொட்டை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எதைச் சொல்வது? வண்டியில் வேறு குறை இல்லை. அதனால் கூரையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊர் மழையில் இதை எவன் திறப்பான், திறந்தால் ஒழுகும், திறக்காவிட்டாலும் ஒழுகும், இதுக்காகவே எனக்கு வண்டி வேண்டாம் போலிருக்கிறது, என் வீட்டுக்காரி பார்த்தாலே திட்டுவாள். இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் விலை படிந்தது. கடைக்காரர் ஒரு வாரத்தில் எல்லாம் சரிபார்த்துத் தருகிறேன் என்றார். என் கணவர் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை கார் வந்தது. அன்று கடையநல்லூரிலும் சாரல், தென்காசியிலும் சாரல், அதனால் கூரையை மூடியபடியே ஓட்டி வந்தார். நான் ஆரத்தி எடுத்தேன். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். தெருவே நின்று பார்த்தது. மழை விட்டதும், திறங்க, நான் உட்காரணும் என்றேன். அவர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு இறங்கி வந்து கூரையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். முன் கண்ணாடிக்கு மேலே தொடங்கி கடைசி வரை, கருப்புப் பசை மொழுமொழுவென்று பூசி இறுகியிருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அந்த மனிதர் குரலில் அவ்வளவு சந்தோஷம். அண்ணாச்சி மழைக்கு அவ்வளவு பயந்தீர்களே, அதனால் தெரிந்த பட்டறையில் விட்டு ஒரு துளி இறங்காமல் அடைத்துவிட்டேன், மோட்டார் ஒயரையும் கழற்றிவிட்டேன், தெரியாமல் கை பட்டால்கூடத் திறக்காது என்றார். இந்த வேலைக்கு எதுவும் தர வேண்டாம் என்றும் சொன்னார். என் கணவர் ரொம்ப நன்றி என்று சொல்லிப் போனை வைத்தார்.

நன்றி சொன்னதற்குத்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. நான் அவரைப் பேசியதையெல்லாம் எழுத முடியாது. அப்புறம் அந்தக் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். சீட் அவ்வளவு சுகம். கதவைச் சாத்தினார். மேலே கருப்புத் துணி, தாழ்வாக. பத்து எண்ணுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கார் வீணாய்ப் போனதற்கு இல்லை. இதுவும் இல்லையென்றால் இனி வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியதுதான் காரணம்.

கார் பதினோரு நாள் வாசலில் நின்றது. போய்ச் சொல்லுங்கள், பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று தினமும் சொன்னேன். அவர் போகவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது? ஒரு மணி நேரம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது பொய் என்று ஒரு நல்ல மனிதர் முன்னால் நின்று எப்படிச் சொல்வது? வேறு பட்டறையில் பிரித்தால் துணி கிழிந்துவிடும் என்று பயந்தார். துணி கிழிந்தால் கிழியட்டும் என்றேன். பன்னிரண்டாம் நாள் நான் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். அவர் கார்ச் சாவியை எடுத்தார்.

அன்றைக்கு நாங்கள் கடையநல்லூர் போனது எனக்கு மறக்காது. நான் பஸ்ஸில் கடைசி சீட்டில், பின்னால் பார்த்தபடி. அவர் காரில் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே. முந்திப் போகிற வண்டிதான் அது, ஆனால் அவர் முந்தவில்லை. வழியில் இடைகால் ஊரில் பஸ் நின்றபோது அவரும் நின்றார். தண்ணீர் வழிகிற கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது, பக்கத்தில் காலி சீட். பதினேழு கிலோமீட்டரும் அப்படியே வந்தார்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். ஒழுகுதா அண்ணாச்சி என்று பயந்துபோய்க் கேட்டார். என் கணவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, இவுக உங்ககிட்ட சொன்னது பூரா பொய். மூடுன கார்ல எனக்கு மூச்சு முட்டும். தொறக்குததுக்காகத்தான் இந்தக் காரையே வாங்குனோம்."

அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வருத்தம்தான் வந்தது. அந்தக் கூரைக்காகத்தான் தானும் அதை வாங்கியதாகச் சொன்னார். அண்ணாச்சி அதை அவ்வளவு கேவலமாகப் பேசியதும் தனக்கே தன் ஆசையில் வெட்கம் வந்துவிட்டது என்றும், பசை பூசும்போது நின்று பார்க்கப் பிடிக்காமல் கடைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அன்றைக்கே அக்காவைக் கூட்டி வந்திருந்தால் இன்னும் குறைத்தே கொடுத்திருப்பேன் என்றார்.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். கடைக்காரரிடம் சொல்கிறார் என்று நினைத்தேன், ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாலு வருசமா இவகிட்டயும் பொய்தான் சொல்லுதேன். வீட்ல சொகமா இருக்குன்னு. இவ இல்லாம எனக்கு எங்கயும் போகப் பிடிக்கல."

எனக்கு உடனே என்ன தோன்றியது என்றால், இந்த ஆளை என்ன செய்தால் தகும் என்றுதான். நாலு வருஷம்! ஒவ்வொரு விசேஷ வீட்டிலிருந்தும் திரும்பி வந்து, நீங்க வராததே நல்லது, சாப்பாடு சரியில்லை, ஒரே கூட்டம் என்று சொல்வேன். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். அவர் மனசு கஷ்டப்படக்கூடாது என்று சொன்னது. அவர் அதை நம்பி, இவள் தனியாகப் போய்ப் பழகிக்கொண்டாள் என்று நினைத்திருக்கிறார். வேண்டாம் என்கிற முகம் வைத்துக்கொள்வது விலை பேசுகிற இடத்தோடு நின்றுவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்ளும் நாங்கள் அப்படித்தான் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை வீட்டில் சொல்லத் தெரியாதா உங்களுக்கு என்று மட்டும் கேட்டேன்.

கடைக்காரர் உள்ளே போய் இரண்டு பிளேடு கொண்டுவந்தார். பட்டறை ஆளைக் கூப்பிடவில்லை. அவர் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார்கள். சாயந்திரம் வரை ஆனது. பின்மூலையில் நாலு விரல் அகலத்துக்குத் துணி கிழிந்தது. அதை அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, கருப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள். ஒயரை மாட்டினார்கள். பட்டனை அழுத்தியதும் மோட்டார் முனகியது. பசை நூல்நூலாக இழுபட்டு அறுந்து, கூரை எழுந்து, மடிந்து, பின்னால் போய் அடங்கியது.

ஆனால் ஒன்று யாருக்கும் தெரியாது. திறந்த காரில் என்னால் உட்கார முடியுமா என்று நாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அன்றைக்கு நான் வீட்டில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். சீட் தாழ்வு, கதவு உயரம், முன்னால் கண்ணாடி. ஏறி உட்கார்ந்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் மேலே பார்த்துக்கொண்டேன். என் கணவர் கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து ஏறி, மெதுவாக எடுத்தார்.

ஊர் தாண்டியதும் சாரல் விழ ஆரம்பித்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, மூச்சு முட்டுதா என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை வழக்கம்போல வாய்க்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அவர் பக்கம் சாய்ந்து, காற்றில் போய்விடாமல் காதருகே சொன்னேன்.

"பயமாத்தான் இருக்கு. நிறுத்திராதீங்க."